டோக்கன் அவரோடது, கை என்னோடது

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் அக்காவுக்கு முழங்கால் வலி உண்டு. அதைப் பற்றி என்னிடம் சொல்வதைவிட மகளிடம்தான் அதிகம் சொல்கிறாள். உன் உடல்நிலை எப்படி என்று எழுது.

தொலைபேசியில் பேசியிருக்கலாமே என்று நீ நினைக்கலாம். பேசினால் என் குரல் உயர்ந்துவிடும். எழுதும்போது தொடங்கிய வாக்கியத்தை முடித்தாக வேண்டியிருப்பதால் கோபம் ஓர் ஒழுங்குக்கு வருகிறது. தவிர, இந்த வேலைக்கு மூலத்தாள்கள் தபாலில்தான் போக வேண்டும்.

செய்தி இதுதான். எங்கள் மகள், அதாவது உன் மருமகள், தான் குடியேறிய நாட்டுக்கு எங்கள் இருவரையும் அழைத்துக்கொள்ள விண்ணப்பித்திருக்கிறாள். அவள் கணவன் ஆண்டில் பாதி நாள் கப்பலில். இவளுக்கோ மருத்துவமனையில் முறை வேலை. எங்கள் பேரன் யார் யார் வீட்டிலோ தூங்கி எழுகிறான். இரண்டு வயதுப் பிள்ளையை நாங்கள் கண்ணாடித் திரையில்தான் கொஞ்சிக்கொண்டிருக்கிறோம். ஜூலை இறுதிக்குள் எல்லாத் தாள்களும் போய்ச் சேர்ந்தால் இந்த ஆண்டே கிளம்பலாம். தவறினால் அடுத்த ஆண்டுதான்.

நிபந்தனை ஒன்று உண்டு. நான் வேலை பார்த்த ஒவ்வொரு நாட்டின் காவல்துறையும் நான் குற்றவாளி அல்லன் என்று எழுதித் தர வேண்டும். நான் சொன்னால் போதாதாம். என்னை வாழ்நாளில் பார்த்திராத ஓர் அதிகாரி சொன்னால்தான் செல்லுமாம். உன் அக்கா அங்கே வேலை பார்க்கவில்லை என்பதால் அவளைச் சந்தேகிக்கவில்லை.

நீ இருக்கும் நகரத்தின் காவல் தலைமை அலுவலகத்தில், அங்கேயே வசிக்கும் ஒருவர் என் சார்பில் விண்ணப்பம் கொடுத்துச் சான்றிதழை வாங்க வேண்டும். நாம் இருவரும் ஒரே கிடங்கில் வேலை பார்த்த ஊர் அது. என் மகள் பிறந்த ஊர். ஆனாலும் இன்று அங்கே உன்னை விட்டால் எனக்கு ஆளில்லை.

மகளின் கல்யாணத்துக்கு நீ வராததைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதக் கூடாது என்று தீர்மானித்துத்தான் உட்கார்ந்தேன். எழுதவில்லை.

உன் உதவிக்கு முன்கூட்டியே நன்றியுடன்,
அத்தான்


மார்ச் 19

அத்தானுக்கும் அக்காவுக்கும் வணக்கம்.

உங்க கையெழுத்தைப் பார்த்ததும் கவரைப் பிரிக்காமலே ரொம்ப நேரம் கையில வெச்சிட்டு இருந்தேன். பரீட்சைப் பேப்பர் திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. எத்தனை மார்க்குன்னு பயந்துட்டேதான் பிரிச்சேன்.

நான் நல்லா இருக்கேன். கொஞ்சம் இருமல். சலவைக்கூடத்து நீராவிதான் காரணம்னு எங்க ஆஸ்பத்திரி டாக்டர் சொல்றார். அவர் கோட்டை நாங்கதான் துவைச்சு இஸ்திரி போடறோம். அதனால கொஞ்சம் மரியாதையாவே சொன்னார்.

போலீஸ் சர்டிபிகேட் விஷயத்துல நீங்க கவலையே பட வேண்டாம். இங்க வேலை பார்த்துட்டுப் போனவங்க எல்லாரும் வாங்கறதுதான். விரல் ரேகை எடுத்த அட்டை, பாஸ்போர்ட் நகல், அதிகாரம் கொடுத்து ஒரு கடிதம், இவ்வளவுதான் வேணும். ஒரே ஒரு மாத்தம். அதிகாரக் கடிதத்துல என் பேரைப் போடாதீங்க. என்கூட ரூம்ல இருக்கற தையல்காரர் பேரைப் போடுங்க, தனித்தாள்ல எழுதி வெச்சிருக்கேன். சலவைக்கூடத்துல பகல்ல நகர முடியாது. அவர் சொந்தக்கடைக்காரர், ஷட்டரை இறக்கிட்டா ராஜா. ரொம்ப நல்ல மனுஷர். வாய் மட்டும் தையல் மெஷின் மாதிரி, மிதிச்சா நிக்காது.

நீங்க என்கிட்ட ஒரு வேலை சொன்னதே எனக்குப் பெரிய சந்தோஷம் அத்தான். பொய் சொல்லல. மருமக எப்படி இருக்கா? பேரன் படம் ஒண்ணு அனுப்புங்க.

எப்பவும் உங்க அன்பு தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் இருமல் நீராவியால் மட்டும்தானா என்று வேறொரு மருத்துவரையும் கேள். நீ துவைத்த கோட்டைப் போட்டவராக இல்லாமல் இருந்தால் நல்லது.

விரல் ரேகை அட்டை, நகல்கள், அதிகாரக் கடிதம், பேரனின் படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். ரேகை எடுத்த அனுபவத்தையும் சொல்கிறேன். எங்கள் பகுதிக் காவல்நிலையத்தில் மை உருளையை வைத்திருந்த காவலர் கல்லூரியில் என்னிடம் படித்தவர். என் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு, "சார், ஒரு தடவை என்னை வகுப்புக்கு வெளியே நிக்க வெச்சீங்களே, ஞாபகம் இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "எனக்கு இருக்கு சார்" என்று சொல்லி, விரலைத் தேவைக்கு மேல் அழுத்தினார்.

நீ சொன்னபடியே தையல்காரரின் பெயரை எழுதியிருக்கிறேன். அவருக்கு என் நன்றியைச் சொல். ஆனால் ஒன்று கேட்பேன். இத்தனை ஆண்டுகள் அதே ஊரில், அதே அறையில், அதே சலவைக்கூடத்தில் கழித்த ஒருவனுக்கு ஒரு காலைப்பொழுது விடுப்பு கிடைக்காதா? கல்யாணத்துக்குக் கிடைக்கவில்லை, அதற்கும் முன்பு உன் அம்மாவின் காரியத்துக்கும் கிடைக்கவில்லை. நீ முன்னேறவில்லை என்பது எனக்கு வருத்தம் அன்று, முயலவில்லை என்பதுதான்.

விடுப்பு என்றதும் நம் கிடங்கு மேலாளர் நினைவுக்கு வருகிறார். உன் அக்கா பிரசவ வலியில் இருக்கிறாள் என்று சொன்ன என்னிடம், "குழந்தையை நீயா பெறப்போகிறாய்?" என்று கேட்டு விடுப்பு மறுத்தவர். அந்த முகத்தை நான் இன்றும் மன்னிக்கவில்லை. அன்று மாலை, கிடங்குச் சாவியை எடுப்பவர் தன் டோக்கனை மாட்டிவைக்கும் சாவிப் பலகையில் என் டோக்கனை நீ மாட்டிவிட்டு, என் முறை வேலையைப் பார்த்து, என்னை மருத்துவமனைக்கு விரட்டினாய். அதற்கு நான் நன்றி சொன்னேனா என்று யோசித்துப் பார்த்தேன். சொன்னதாக நினைவில்லை. இப்போது சொல்கிறேன்.

அத்தான்


ஏப்ரல் 20

அத்தான், அக்கா, வணக்கம். இருமல் பரவாயில்லை.

பேரன் படத்தை இஸ்திரி மெஷின் பக்கத்துச் சுவத்துல ஒட்டியிருக்கேன். போற வர்ற நர்ஸுங்க எல்லாம் யாருன்னு கேக்கறாங்க. "என் பேரன்"னு கூசாம சொல்லிட்டேன். அக்கா பேரன்னா எனக்கும் பேரன்தானே?

ஒரு சின்னத் தடங்கல். அட்டை திரும்பி வந்துடுச்சு. வலது கட்டை விரல் மை அப்பிப் போச்சாம். உங்க மாணவர் பழி தீர்த்துட்டார். கவுன்டர்ல நடந்ததைத் தையல்காரர் நடிச்சே காட்டினார்.

அங்க இருந்த அம்மா, "இது என்ன, விரலா, உருளைக்கிழங்கா?"ன்னு கேட்டிருக்காங்க.

"பேராசிரியர் விரல்மா"ன்னு இவர் சொல்லியிருக்கார்.

"அப்ப பேராசிரியரை இன்னொரு தடவை விரல் கொடுக்கச் சொல்லுங்க. மெதுவா உருட்டணும், அழுத்தக் கூடாது."

"அம்மா, நீங்களே இவ்வளவு அழகா சொல்றீங்களே, ஊருக்குப் போய் உருட்டிட்டு வந்துடுங்களேன்."

அந்த அம்மா சிரிச்சுட்டாங்களாம். வரிசையில நிக்காம நேரா வாங்கன்னும் சொல்லியிருக்காங்க. பாருங்க, வாயாடிக்கும் ஒரு காலம் வருது.

கடிதத்துல மத்ததெல்லாம் படிச்சேன் அத்தான். நீங்க சொல்றது சரிதான்.

தம்பி


மே 6

அன்புள்ள தம்பிக்கு,

உன் இருமல் "பரவாயில்லை" என்பது எனக்குப் போதுமான தகவல் அன்று. முழுமையாக எழுது.

மறுபடி ரேகை கொடுத்தேன். இந்த முறை அந்தக் காவலரின் மேலதிகாரி முன்னால் உட்கார்ந்து, அழுத்த வேண்டாம், உருட்டினால் போதும் என்று அவருக்குப் பாடம் நடத்தினேன். வகுப்புக்கு வெளியே நிற்க வைத்ததற்கு வருத்தமும் தெரிவித்தேன். மிக அழகான ரேகை வந்திருக்கிறது. இணைத்திருக்கிறேன்.

நீயும் தையல்காரரும் எடுத்துக்கொள்ளும் சிரமத்துக்கு நான் உண்மையாகவே நன்றியுடையவன். சென்ற கடிதத்தில் கடுமையாக எழுதிவிட்டேன் என்று உன் அக்கா சொல்கிறாள். அவளிடம் படித்துக் காட்டாமல் தபாலில் சேர்த்தது என் பிழை. நீ மறுத்து நாலு வரி எழுதியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "நீங்க சொல்றது சரிதான்" என்று முடித்துவிட்டாய். சண்டைக்கு வராதவனிடம் என்ன பேசுவது?

பேரன் உன் படத்தைக் காட்டினால் "மாமா" என்கிறான். முறைப்படி நீ அவனுக்கு மாமா அல்லன் என்று திருத்தினேன். மகளைப் பார்த்துப் பழகியிருக்கிறான். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூலை இறுதி என்பதை மறவாதே.

அத்தான்


ஜூன் 6

அத்தான், அக்கா,

வந்துடுச்சு!

உள்ள இருக்கு, பத்திரமா பிரிங்க. கனமான தாள், மேல முத்திரை, கீழ அதிகாரி கையெழுத்து. நடுவுல ஒரே ஒரு வரிதான் முக்கியம்: இவர் பேர்ல இந்த நாட்டுல எந்தக் குற்றப்பதிவும் இல்லை. நானும் தையல்காரரும் அதை மாத்தி மாத்திப் படிச்சோம். அவர் தூங்கினப்புறமும் நான் கொஞ்ச நேரம் கையில வெச்சிருந்தேன். ஒரு மனுஷனைப் பத்தி ஒரு அரசாங்கம் இவ்வளவு நல்லா ஒரு வரி எழுத முடியுமான்னு இருந்துச்சு. அதுவும் உங்களைப் பத்தி.

இனிமே எல்லாம் நல்லபடியா நடக்கும். அக்கா பேரனைத் தூக்கறப்ப முழங்காலைப் பாத்துக்கச் சொல்லுங்க. என் இருமல் முழுசாவே போயிடுச்சு, இப்ப திருப்தியா?

இன்னொண்ணு. கூரியர் வர்றப்ப வீட்டுல இருப்பீங்களான்னு கேக்க, தையல்காரர் உங்களுக்குப் போன் பண்ணினாராம். என்ன பேசினீங்கன்னு கேட்டா, "சும்மாதான்"னு சொல்லிட்டு ஊசியில நூல் கோக்கறார். அவர் கொஞ்சம் அதிகப்படியாப் பேசற ஆள் அத்தான். எதுவும் பெருசா எடுத்துக்காதீங்க.

சந்தோஷத்தோட,
தம்பி


ஜூன் 24

அத்தான்,

எல்லாரும் சுகம்தானே? கவர் கிடைச்சதுன்னு கூரியர் ஆபீஸ்ல சொல்றாங்க, உங்க கையெழுத்தையும் காட்டறாங்க. நீங்க ஒரு வரியும் எழுதலை. போன் பண்ணினா மணி அடிச்சுட்டே இருக்கு.

விண்ணப்பம் போயிடுச்சா? அதை மட்டும் சொல்லுங்க. போதும்.

தம்பி


ஜூலை 1

தம்பி,

அக்கா எழுதறேன். நல்லா இருக்கியான்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா "நல்லா இருக்கேன்"னு சொல்லுவே. இத்தனை வருஷமா அதைத்தானே சொன்னே.

உன் அத்தானுக்குத் தெரிஞ்சுபோச்சு. எனக்கும் தெரிஞ்சுபோச்சு.

தையல்காரர் மேல கோபப்படாதே. கூரியர் வர்ற நாளைச் சொல்லிட்டு, போனை வைக்கப் போனவர், "உங்க வேலை எவ்வளவு சுலபமா முடிஞ்சுது சார். பாவம், அவர்தான் மாசாமாசம் அதே கட்டடத்துல போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வர்றார். அவருக்கு ஒரு காகிதமும் வர மாட்டேங்குது"ன்னு சொல்லியிருக்கார். இவர், "எவருக்கு?"ன்னு கேட்டார். அப்புறம் இவர் குரலை உயர்த்தாம ஒவ்வொரு கேள்வியா கேட்டார். அந்தக் குரல் உனக்குத் தெரியுமே. அந்த மனுஷர் எல்லாத்தையும் சொல்லிட்டார்.

பொண்ணோட பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் நான் சொல்லிச் சிரிச்ச கதைதானே அது! லீவு கொடுக்காத மேனேஜர், இவர் டோக்கனை நீ மாட்டிட்டு வேலை பார்த்தது, அந்த ராத்திரி பொண்ணு பிறந்தது. அதோட கதை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். விடிஞ்சதும் கிடங்குல மருந்துப் பெட்டிங்க காணோம்னு மேனேஜர் போலீஸைக் கூப்பிட்டதை நீ சொல்லவே இல்லையே? சாவிப் பலகையில யார் டோக்கன் தொங்குதோ அவன்தான் பொறுப்புன்னு அவங்க இவரைத் தேடினதை? நீ போய் முன்னால நின்னதை?

அன்னிக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்தே. குழந்தையைத் தூக்கினே. "கணக்கு முடிச்சுட்டேன், கிடங்குப் பக்கம் நீங்க வரவே வேண்டாம், நேரா ஏர்போர்ட் போயிடுங்க"ன்னு சொன்னே. நான் உன்னைச் சமத்துன்னு சொன்னேன்டா.

கேஸ் முடியற வரைக்கும் நாட்டை விட்டுப் போகக் கூடாதுன்னு உன்னை உட்கார வெச்சிருக்காங்க. டோக்கன்காரரோட வாக்குமூலம் இல்லாம கேஸை மூட முடியாதாம். அந்த டோக்கன்காரர் என் வீட்டு ஈஸிசேர்ல உட்கார்ந்துகிட்டு உன்னை "முயற்சி இல்லாதவன்"னு சொல்லிட்டு இருந்திருக்கார். நானும் தலையாட்டினேன்.

அம்மா போனப்போ, விசா புதுப்பிக்கக் கொடுத்திருக்கேன்னு சொன்னே. நான் உன்கூட ஒரு வருஷம் பேசல.

இவர் கத்துவார்னு எதிர்பார்த்தேன். கத்தல. பீரோவிலிருந்து பொண்ணோட பிறப்புச் சான்றிதழை எடுத்தார். நீ அனுப்பினதுக்குப் பக்கத்துல வெச்சார். ரெண்டையும் பார்த்துக்கிட்டே இருந்தார். விண்ணப்பத்தை இன்னும் அனுப்பல.

உன் அக்கா


ஜூலை 9

அத்தான், அக்கா,

சுகமா இருப்பீங்கன்னு நம்பறேன். இந்தத் தடவை ஜோக் வரல.

ஆமா, நடந்தது அதுதான். ஆனா நீங்க நினைக்கற மாதிரி நான் ஒண்ணும் பெருசா பண்ணல அத்தான். அன்னிக்கு யோசிக்கவே நேரமில்ல. போலீஸ்காரர் டோக்கனைக் காட்டி, "இது யாரோடது?"ன்னார். "டோக்கன் அவரோடது, கை என்னோடது"ன்னேன். அதுல பொய் எங்க இருக்கு? சாவியை எடுத்தது நான்தானே. ஒரே ஒரு பொய்தான் சொன்னேன். "அவர் எங்க?"ன்னு கேட்டப்போ, "ஊருக்குப் போயாச்சு"ன்னேன். நீங்க அப்ப ரெண்டு தெரு தள்ளி, குழந்தையை எந்தப் பக்கம் பிடிச்சுத் தூக்கறதுன்னு தெரியாம முழிச்சிட்டு இருந்தீங்க. உங்களைக் கூப்பிட்டிருந்தா உங்களையும் உட்கார வெச்சிருப்பாங்க. ஊர்ல அப்பதான் உங்களுக்குக் கிடைச்சிருந்த காலேஜ் வேலை போயிருக்கும். பச்சைப் பிள்ளையோட அக்கா என்ன பண்ணும்?

ரெண்டு மாசத்துல முடிஞ்சுடும்னு நினைச்சேன். கம்பெனியை மூடிட்டாங்க. மேனேஜர் எங்க போனார்னே தெரியல. புகார் கொடுத்தவன் இல்ல, சாட்சி இல்ல, கேஸ் மட்டும் இருக்கு. அப்புறம் அது பழகிப்போச்சு. கையெழுத்து வாங்கற ஆபீஸர்ங்க மாறிட்டே இருக்காங்க. இப்ப இருக்கறவர் தன் கல்யாணத்துக்கே என்னைக் கூப்பிட்டார். உள்ளூர்க் கல்யாணம், அதுக்குப் போக முடிஞ்சுது.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். விண்ணப்பத்தை அனுப்பிடுங்க. நீங்க இங்க வர நினைக்கறீங்கன்னு தையல்காரர் சொல்றார். வராதீங்க. வந்து வாக்குமூலம் கொடுத்தா, விசாரணை முடியற வரைக்கும் அந்தச் சர்டிபிகேட்டைத் திருப்பி வாங்கி வெச்சுக்குவாங்க. ஜூலை போயிடும். பேரன் இன்னொரு வருஷம் யார் வீட்டுலயோ தூங்குவான். அதுக்கா நான் அன்னிக்கு அந்த டோக்கனை மாட்டினேன்?

தம்பி


ஜூலை 14

தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. உன் வாதத்தில் பிழை இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக அதை எவரும் திருத்தவில்லை என்பதால் அது சரியாகிவிடாது.

அந்தக் கட்டடத்தின் ஓர் அறை என்னை இருபத்தேழு ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறது. அதே கட்டடத்தின் இன்னோர் அறை, என்னைத் தேடுவார் எவருமில்லை என்று முத்திரை குத்தி எனக்கு அனுப்பியிருக்கிறது. இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருக்கும் நடைகூடத்தில் மாதந்தோறும் ஒரு மனிதன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். எவனும் கதவைத் தட்டி மற்றவனைக் கேட்கவில்லை. இதைச் செய்த ஒவ்வொருவரின் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. உன் மேலும் இருக்கிறது. அதை நேரில் சொல்வேன்.

அந்த ஒரு வரியை நான் படிக்கும்போதெல்லாம் அது எழுதப்பட வேண்டிய ஆள் நான் அல்லன் என்றே தோன்றுகிறது. அதைக் கொடுத்து வேறொரு நாட்டின் கதவைத் திறந்துகொள்ள என்னால் இயலாது. உன் மருமகளிடம் பேசிவிட்டேன். அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "இன்னும் ஏம்ப்பா கிளம்பலை?"

வியாழக்கிழமை வருகிறேன். உன் அக்காவும் வருகிறாள்; அவளை நிறுத்த நான் முயலவில்லை. உங்கள் அறையில் இடமில்லை என்று எழுதாதே. தரை இருக்கும்.

அத்தான்


செப்டம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

வீடு திரும்பி ஒரு மாதமாகிறது. உன் அக்காவின் முழங்காலுக்கு உங்கள் மாடிப்படி நன்மை செய்யவில்லை. ஆனால் அவளை இவ்வளவு தெளிவாக நான் பார்த்து வெகுகாலம் ஆயிற்று. விமான நிலையக் கூட்டத்தில் உன்னைத் தாண்டியே போய்விட்டேன். நரைத்த தலையை நான் எதிர்பார்க்கவில்லை. "அத்தான், அந்தப் பக்கம் இல்ல" என்றாயே, நேரில் சொல்லக் கொண்டுவந்த கோபமெல்லாம் அங்கேயே எங்கோ விழுந்துவிட்டது. திரும்பும்போது தேடினேன். கிடைக்கவில்லை.

விசாரணை அறைக்குள் உன்னை விடவில்லை அல்லவா, உள்ளே நடந்ததை எழுதுகிறேன். அதிகாரி இளைஞர். கோப்பைத் தூசி தட்டித் திறந்து, "இத்தனை வருஷம் எங்கே சார் இருந்தீங்க?" என்றார். "நீங்கள் கேட்காத இடத்தில்" என்றேன். டோக்கன் என்னுடையது, அன்று நான் கிடங்கில் இல்லை, மருத்துவமனையில் இருந்தேன் என்று சொல்லி மகளின் பிறப்புச் சான்றிதழை வைத்தேன். பிறகு, அங்கே இருப்புக் கணக்குப் பார்த்தவன் என்ற முறையில் இன்னொன்றும் சொன்னேன். அந்தக் கிடங்குக்குச் சாவி இரண்டு. ஒன்று பலகையில் தொங்கும். மற்றொன்று மேலாளரின் இடுப்பில் இருக்கும். அதற்கு டோக்கன் கிடையாது. அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "இதை ஏன் சார் யாரும் அப்பவே சொல்லல?" "தெரிந்தவனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்" என்றேன்.

நீ சொன்னபடியே என் சான்றிதழை வாங்கிக் கோப்பில் கோத்துக்கொண்டார். அதைக் கொடுத்தபோது எனக்கு இருந்த நிம்மதி, அது தபாலில் வந்தபோது இருக்கவில்லை.

ஜூலை போய்விட்டது. மகளிடம் சொன்னேன். "அடுத்த வருஷம் வாங்கப்பா. மாமா முதல்ல வரட்டும்" என்றாள்.

தம்பி, உங்கள் அறையில் தரையில் படுத்திருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். உன் கட்டிலுக்கு மேலே என் மகளின் படங்கள்: பள்ளிச் சீருடையில், பட்டமளிப்பில், கல்யாணத்தில். எல்லாம் உன் அக்கா அனுப்பியவை. அந்தப் படங்கள் ஒவ்வொன்றிலும் இருக்கும் வாழ்க்கையை நான் என் உழைப்பால் வந்தது என்று நினைத்திருந்தேன். நன்றி என்ற சொல்லை நான் விண்ணப்பங்களின் அடியில் எழுதிப் பழகியவன். இப்போது அதே சொல்லை எழுத வேண்டியிருக்கிறது. வேறு சொல் என்னிடம் இல்லை. நன்றியடா.

அத்தான்


டிசம்பர் 5

அன்புள்ள அத்தான், அக்கா,

உங்க ரெண்டு பேர் உடம்பும் எப்படி இருக்குன்னு இந்தத் தடவை கேக்கல. ஏன்னு கடைசியில சொல்றேன்.

கேஸை மூடிட்டாங்க. உங்களை விசாரிச்ச அந்த இளைஞர் விடாம தேடியிருக்கார். நம்ம மேனேஜர் வேற ஊர்ல வேற கிடங்குல இதே வேலையைப் பண்ணி, அங்க மாட்டியிருக்கார். அங்கயும் இடுப்புச் சாவிதானாம். ஆளே போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சு. எனக்குக் கோபமே வரல அத்தான். உங்களுக்கு வரும்னு தெரியும், எனக்கும் சேர்த்து நீங்களே பட்டுக்கோங்க.

கையெழுத்து நோட்டுல கடைசித் தடவையா போட்டப்போ, ஆபீஸர் எழுந்து நின்னு கை கொடுத்தார். "அடுத்த மாசம் வர மாட்டீங்களா?"ன்னு அவருக்கே ஒரு மாதிரி இருந்துச்சு.

உங்க பழைய சர்டிபிகேட் காலாவதி ஆயிடுச்சு. புதுசுக்குத் திரும்ப விண்ணப்பிச்சோம். அதே ரேகை அட்டையே போதும்னுட்டாங்க. இந்தத் தடவை தையல்காரரை அனுப்பல. அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், அந்தக் கவுன்டர் அம்மாவோட நல்ல பழக்கம் ஆயிட்டார். சலவைக்கூடத்துல லீவு கேட்டேன். உடனே கொடுத்துட்டாங்க. இத்தனை வருஷத்துல நான் கேட்டதே இல்லையாம்.

கேஸ் இருக்கறவன் இன்னொருத்தருக்காக வாங்க முடியாது, அதனாலதான் அப்ப தையல்காரர் பேரைப் போடச் சொன்னேன். கவுன்டர் அம்மா கம்ப்யூட்டர்ல என் பேரைத் தட்டிப் பார்த்தாங்க. நிமிர்ந்து, "உங்க மேல ஒண்ணுமில்லை, நீங்க வாங்கிக்கலாம்"னு சாதாரணமா சொன்னாங்க. இன்னொரு தடவை சொல்லுங்கன்னு கேக்கத் தோணுச்சு. "பேராசிரியர் உங்களுக்கு என்ன உறவு?"ன்னாங்க. "எங்க அக்கா வீட்டுக்காரர்"னேன். பின்னால நின்ன வரிசைக்கே கேக்கற மாதிரி சொல்லிட்டேன் போல. எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க.

சர்டிபிகேட் வந்துடுச்சு. அதே தாள், அதே முத்திரை, அதே வரி. ரெண்டு வந்துருக்கு. ஒண்ணு உங்க பேர்ல, ஒண்ணு என் பேர்ல. எனக்கு எந்த நாட்டுக்கும் விண்ணப்பம் போடற எண்ணம் இல்ல. சும்மா வேணும்னு கேட்டு வாங்கினேன்.

உங்களோடதைத் தபால்ல போடல அத்தான். தையல்காரர் எனக்குப் புதுச் சட்டை தைச்சு, உள்பக்கம் பட்டன் வெச்சு ஒரு பை போட்டிருக்கார். அதுக்குள்ள இருக்கு. இருபதாம் தேதி நானே கொண்டு வர்றேன், உங்க உடம்பையும் நேர்லயே விசாரிச்சுக்கறேன். இந்தக் கடிதம் முன்னாடி வருதா, நான் முன்னாடி வர்றேனான்னு பார்ப்போம்.

ஏர்போர்ட்டுக்கு வந்து என்னைத் தாண்டிப் போயிடாதீங்க. நரைச்ச தலையும் நீலச் சட்டையுமா ஒருத்தன் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துட்டு நிப்பான். அவன்தான்.

தம்பி